குமாரகிருபா சாலையில் ஒரு நாள் சுவர்

எங்கள் அல்சூர் தெருவில் படம் வரைகிற இரண்டு பிள்ளைகளுக்கு இந்த முறை பெங்களூர் சித்ர சந்தையில், அதாவது தெருவோர ஓவியச் சந்தையில், இடம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, "அக்கா, எத்தனை படம் கொண்டுவரணும்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். "படம் இருக்கட்டும். அதையெல்லாம் எதுல மாட்டப் போறீங்க?" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கர்நாடக சித்ரகலா பரிஷத் என்கிற கலை நிறுவனம் நடத்துகிற சந்தை இது. பெரும்பாலும் ஜனவரியில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. குமாரகிருபா சாலையில் அன்றைக்கு வண்டி ஓடாது, சாலை முழுக்க ஓவியங்கள்தான். பார்க்க வருபவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் குடும்பம் குடும்பமாக வருவார்கள், மதியத்துக்கு மேல் நடக்கவே இடம் இருக்காது. நமக்கு ஒதுக்கப்படுவது சாலையோரத்தில் ஒரு துண்டு இடம். சுவர், மேசை, கொக்கி எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டியவை. மாலையில் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். எனவே நம் முதல் வேலை ஒரு நாளைக்கு மட்டும் நிற்கிற சுவர் ஒன்றைக் கட்டுவது.

என் சுவர் மூன்று இரும்புக் கம்பிவலைச் சட்டங்கள். ஒவ்வொன்றும் ஆறடி உயரம், மூன்றடி அகலம். இரண்டு அங்குலக் கட்டம் வைத்த வெல்டு மெஷ் வாங்கி, ஓரத்துக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்கச் சொன்னால் பட்டறையில் செய்து தருவார்கள். தனி ஆளாக நீங்கள் தூக்க முடிகிற கனத்தில் இருக்க வேண்டும், அதைப் பட்டறையிலேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள். சட்டங்களை ஒன்றோடு ஒன்று பிளாஸ்டிக் டை போட்டு இணைக்கிறேன். ஒரு இணைப்புக்கு நான்கு டை: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு.

நிறுத்துகிற விதம்தான் முக்கியம். ஒரு நோட்டுப் புத்தகத்தை மூடி நிமிர்த்தி வைத்தால் விழுந்துவிடும், விரித்து வைத்தால் நிற்கும் அல்லவா? சட்டங்களும் அப்படித்தான். நேர்கோட்டில் வரிசையாக நிறுத்தினால் எத்தனை டை போட்டாலும் சாயும். மடிப்பு மடிப்பாக, கோணல் விட்டு நிறுத்துங்கள். ஒதுக்கிய இடம் சின்னதென்றால் இரண்டே சட்டத்தை விரித்த புத்தகம் மாதிரி வைத்தால் போதும். பக்கத்துக் கடைக்காரரின் இடத்துக்குள் நம் மூலை நுழையக் கூடாது. இதற்காகவே சாக்கட்டியும் அளவு நாடாவும் பையின் மேலேயே வைத்திருப்பேன். போனவுடன் தரையில் கோடு போட்டுவிட்டுத்தான் சட்டத்தை இறக்குவேன்.

கனம் வைக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கம்பிவலை வெறுமனே நிற்கும்போது காற்று அதில் ஊடுருவிப் போய்விடும், ஆடாது. "நல்லாத்தான் நிக்குது" என்று நினைத்துவிடுவோம். படங்களை மாட்டிய நிமிடம் அது கப்பலின் பாய் மாதிரி ஆகிவிடுகிறது. என் முதல் வருடம் பதினோரு மணிக்கு ஒரே ஒரு காற்று வந்தது. நடுச் சட்டம் முன்பக்கமாகச் சாய்ந்து, மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த பூ மார்க்கெட் படத்தின் மேல் மூலை தார்ச் சாலையில் மோதியது. படத்தின் சட்டம் உடைந்ததைவிட, அந்த மூலையில் கேன்வாஸ் பிய்ந்ததுதான் வலித்தது. கூடை நிறைய செவ்வந்தி வைத்திருந்த இடம் அது. நல்லவேளையாக அப்போது எதிரில் குழந்தை யாரும் நிற்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

அதிலிருந்து பத்து லிட்டர் தண்ணீர் கேன் நான்கு கொண்டுபோகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆக மொத்தம் நாற்பது கிலோ. சட்டத்தின் அடிக்கம்பியில், பின்பக்கமாக, கேனின் கைப்பிடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவேன். மணல் மூட்டையும் நல்லதுதான், ஆனால் கிழிந்தால் மணல் படத்தின் மேல் பறக்கும். கயிற்றை மரத்தில் கட்டலாமா என்று கேட்பார்கள். பரிஷத் ஆட்கள் சொன்னபடி கேளுங்கள். ஆணி மட்டும் எந்த மரத்திலும் அடிக்காதீர்கள். அந்த மரங்களின் நிழலில்தான் நாள் முழுக்க உட்காரப் போகிறோம்.

நிழல் என்றதும் சொல்ல வேண்டியது, ஜனவரியில் பெங்களூரில் சூரியன் உச்சிக்கு வராது. நடுப்பகலிலும் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். ஆகவே தெற்குப் பார்த்த சுவரில் பகல் முழுக்க வெயில் அடிக்கும், வார்னிஷ் பூசிய படம் பளபளத்து எதுவுமே தெரியாது. வடக்குப் பார்த்தால் காலையிலிருந்து மாலை வரை ஒரே மாதிரியான வெளிச்சம். இடம் எந்தப் பக்கம் பார்த்தது என்பது நம் கையில் இல்லை, மடிப்பின் கோணம் நம் கையில் இருக்கிறது. முந்தைய நாள் மாலை ஒரு நடை போய் நின்று பாருங்கள். மரம் எங்கே, அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மேலே காக்கை உட்காரும் கிளை இருக்கிறதா, மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கிளை இருந்தால் மேலே கட்ட ஒரு தடித்த பிளாஸ்டிக் ஷீட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவதற்கு ஒரு படத்துக்கு இரண்டு எஸ் கொக்கி. ஒன்றில் தொங்கவிட்டால் படம் ஆடி ஆடிச் சட்டத்தில் இடிக்கும். கூட்டம் சேர்ந்த பிறகு பின்வரிசையில் நிற்பவருக்கு ஆட்களின் தோளுக்கு மேலே உள்ளதுதான் தெரியும், அதனால் பெரிய படங்கள் மேலே. முழங்காலுக்குக் கீழே எதையும் மாட்டாதீர்கள், கால் பட்டுவிடும். சின்னப் படங்களும் வாழ்த்து அட்டைகளும் இடுப்பு உயர மேசையில். சிக்பேட்டையில் கறுப்புத் துணி மீட்டர் கணக்கில் வாங்கிச் சட்டத்தின் பின்னால் கட்டினால் பின்னால் இருக்கிற அடுத்த கடை தெரியாது, நிறங்கள் எடுப்பாகத் தெரியும். துணியிலும் காற்று பிடிக்கும். கேன் வைத்த பிறகே துணி.

இனி படத்தைக் கட்டுவது. அக்ரிலிக் வண்ணத்தில் வரைபவர்கள் இந்தப் பத்தியைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். அக்ரிலிக் காய்ந்து மாதக்கணக்கானாலும் சூடு பட்டால் இளகும். பபுள் ஷீட்டின் குமிழ்ப் பக்கம் படத்தின் மேல் படும்படி சுற்றி, வெயிலில் நிற்கிற வண்டியில் வைத்தால், பிரிக்கும்போது வானம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம் இருக்கும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. படத்தின் முகத்தில் முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் அட்டை, அதற்கும் மேலே குமிழ் வெளியே பார்க்கும்படி பபுள் ஷீட். இரண்டு கேன்வாஸை முகத்தோடு முகம் வைக்கவே வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளும் வேண்டாம், மை ஏறும்.

நீர்வண்ணக்காரர்களுக்கு எதிரி பனி. விடியற்காலையில் அங்கே நல்ல குளிர், காகிதம் ஈரத்தை இழுத்து நெளியும். வெயில் ஏறும்வரை ஃபோல்டரைத் திறக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையை முழுக்க ஒட்டிவிட்டால் வெயிலில் உள்ளே ஆவி படியும், ஒரு பக்கத்தை ஒட்டாமல் விடுங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போடச் சொல்லுங்கள். கனமும் குறையும், சுலபத்தில் உடையவும் உடையாது.

சந்தைக்கு ஒரு வாரம் முன்னால் மொட்டை மாடியில் முழுக் கடையையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். கையில் கடிகாரத்தோடு. எனக்கு முதல் ஒத்திகையில் இரண்டு மணி நேரம் பிடித்தது. இப்போது நாற்பது நிமிடம். எப்படிக் குறைந்தது என்றால், படங்களுக்குப் பின்னால் எண் எழுதி, எந்த எண் எந்தச் சட்டத்தில் எந்த இடத்தில் என்று போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அத்தை மகன் படத்தைப் பார்க்காமலே எண்ணைப் பார்த்து மாட்டிவிடுவான். கடைசியாக இறக்க வேண்டியது வண்டியில் முதலில் ஏற வேண்டும். படங்கள் முதலில் உள்ளே போகும், பிறகு மேசை, சட்டம், கேன். கதவருகில் சாக்கட்டி, டை, கட்டிங் பிளையர் உள்ள பை.

வண்டிக்குக் குட்டி யானை போதும். முந்தைய நாளே பேசி, விடியற்காலை ஐந்துக்கு வரச் சொல்லுங்கள். சாலையை அடைத்த பிறகு உள்ளே விட மாட்டார்கள், வெளியே சிவானந்தா சர்க்கிள் பக்கம் இறக்கிச் சுமக்க வேண்டியதாகிவிடும். அதற்காகவே சின்ன டிராலி ஒன்று. கூட ஒரு ஆள் கட்டாயம். கழிப்பறைக்குப் போகவாவது ஆள் மாற்ற வேண்டும் இல்லையா? சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், ஸ்பூனோடு. கையில் எண்ணெய் ஆகக் கூடாது.

பணம் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அவ்வளவு கூட்டத்தில் போன் நெட்வொர்க் திணறும். க்யூஆர் அட்டையை லேமினேட் செய்து இரண்டு இடத்தில் தொங்கவிடுங்கள், கூட வந்தவரின் போன் வேறு நிறுவனத்து சிம்மாக இருந்தால் இன்னும் நல்லது. வாங்குபவர் காட்டும் திரையைப் பார்த்துத் தலையாட்டாமல், உங்கள் கணக்கில் ஏறியதா என்று பார்த்த பிறகு படத்தைக் கொடுங்கள். சில்லறை கொண்டுபோங்கள், நூறும் ஐம்பதுமாக. விலையை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதி ஒட்டுங்கள். "எஷ்டு?" (எவ்வளவு?) என்று கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்து போகிறவர்கள் நிறையப் பேர். படத்தின் பெயரைக் கன்னடத்திலும் எழுதி வைத்தேன், அதிலிருந்து நின்று பேசுபவர்கள் கூடியிருக்கிறார்கள். எனக்குக் கன்னடம் சரளமாக எழுத வராது, கீழ் வீட்டு அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

விற்ற படத்தைச் சுமந்துகொண்டு அந்தக் கூட்டத்தில் யாரும் சுற்ற முடியாது. "இங்கேயே வெச்சுட்டுப் போங்க, போகும்போது வாங்கிக்கலாம்" என்று சொல்லுங்கள். ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதி படத்தில், ஒரு பாதி அவர் கையில். பைக்கில் கொண்டுபோகிறவர் என்றால் இரண்டு பக்கமும் அட்டை வைத்து, படத்தின் முகம் ஓட்டுபவரின் முதுகைப் பார்க்கும்படி பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.

ஆறு மணிக்கு மேல் சீக்கிரமே இருட்டிவிடும். சார்ஜ் செய்த விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும், விற்கவும் கட்டவும். கூட்டம் கலையும் வரை வண்டி உள்ளே வராது, அதனால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். கடைசி அரைமணியில் திரும்பி வந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். முதலில் படங்களைக் கழற்றி எண் பார்த்துக் கட்டுங்கள், அதன் பிறகே கேன் கயிற்றை அவிழ்க்க வேண்டும், முன்னால் அவிழ்த்தால் சுவர் சாயும். கேன் தண்ணீரைப் பக்கத்து மரத்தடியில் ஊற்றிவிட்டால் திரும்பும்போது நாற்பது கிலோ குறைவு. வெட்டிய டை துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடம்பு படு என்று சொல்லும். ஒரு பத்து நிமிடம் பொறுத்து, விற்காமல் திரும்பிய படங்களின் கட்டுகளை மட்டும் அன்றிரவே பிரித்துச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். பகல் சூட்டோடு உள்ளே இருந்தால் பட்டர் பேப்பரும் ஒட்டிக்கொள்ளும்.