கடலூர், புதுச்சேரியில் விவாகரத்து: மனுப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் தாலி கட்டி, புதுச்சேரி லாஸ்பேட்டையில் குடித்தனம் நடத்திய ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். பிணக்கு முற்றி, மனைவி பண்ருட்டியில் தாய் வீட்டில் இருக்கிறார். கணவர் லாஸ்பேட்டையிலேயே இருக்கிறார். வழக்கை எங்கே போடுவது?

இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு முக்கியமாக நான்கு இடங்களைச் சொல்கிறது: திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனுப் போடுபவர் மனைவி என்றால் அவர் இப்போது வசிக்கும் இடம். ஆகவே இந்த மனைவி கடலூரிலும் போடலாம், புதுச்சேரியிலும் போடலாம், பண்ருட்டி எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கும் போடலாம். மாவட்டத்தில் உங்கள் ஊருக்குக் குடும்ப நீதிமன்றமா, சார்பு நீதிமன்றமா என்று முதல் நாளே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கைக்குழந்தையோடு பேருந்து ஏறப்போவது நீங்கள்தான். வக்கீலுக்கு வசதியான நீதிமன்றம் உங்களுக்கும் வசதியானது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒருவர் கடலூரிலும் மற்றவர் புதுச்சேரியிலும் வழக்குப் போட்டுவிட்டால் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. தமிழகம், புதுவை இரண்டும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருவதால் மாற்றல் மனுவை அங்கேயே போடலாம். சிறு குழந்தையோடு இருக்கும், வருமானம் இல்லாத மனைவியின் வசதிக்கு அங்கே கூடுதல் எடை உண்டு.

உங்களுக்கு எந்தச் சட்டம்?

இந்து, பௌத்த, சமண, சீக்கியத் திருமணங்களுக்கு 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். பதிவுத் திருமணம் என்று பொதுவாகச் சொல்லும்போது கவனம் வேண்டும். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்ததா, கோயிலில் செய்துவிட்டுப் பிறகு பதிந்ததா என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் மனு வேறு. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். இஸ்லாமியப் பெண்கள் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் போகலாம். மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கான குலாவுக்கு ஜமாஅத் போன்ற தனி அமைப்புகள் தரும் சான்று செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது, குற்றமும்கூட.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். இந்து திருமணச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அன்று துறந்தவர்கள் தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரையும் பதிந்துகொண்டார்கள். அதனால் தாத்தா, பாட்டி காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேட்டு நகல் வீட்டில் இருந்தால் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வழக்கு பாதியில் நிற்கும்போது எதிர்த்தரப்பு இதைக் கிளப்பினால் போட்ட உழைப்பெல்லாம் வீணாகும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இங்கே தீர்ப்பு வாங்கியதும் பிரான்ஸ் பதிவேடு தானாக மாறாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

செல்லாத வழிகள்

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் இந்து தம்பதிக்கு விவாகரத்து ஆகாது. ஊர்ப் பஞ்சாயத்தில் தாலியைக் கழற்றிக் கொடுத்து அத்துவிடும் வழக்கத்தைச் சட்டம் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் உங்கள் சமூகத்தில் அது நெடுங்காலமாக மாறாமல் இருந்துவரும் வழக்கம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது மிகக் கடினம். அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாமல் போகும், குற்ற வழக்கும் வரும். அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவதாக வந்த பெண்ணும் அவள் பிள்ளைகளும்தான்.

சம்மதமா, வழக்காடலா?

திருமணமாகி ஓராண்டு ஆகாமல் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது. மிகக் கொடிய துன்பம் என்றால் மட்டும் நீதிமன்றத்தின் அனுமதியோடு போடலாம்.

பரஸ்பர சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. அதற்கும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிந்து வாழ்வதே. முதல் மனுவில் இருவரும் கையெழுத்திட்டு நேரில் வந்து சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், மறுபடி வந்து சம்மதத்தை உறுதிசெய்தால் தீர்ப்பு. இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. பிரிந்து ஒன்றரை ஆண்டு கடந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், பிள்ளை, பண்டம் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும் என்பவை அது சொன்ன முக்கியமான அளவுகோல்கள்.

கெடுவது பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான். இரண்டாம் முறை வருவதற்குள் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே ஒப்பந்தத்தில் எதையும் வாய்ச்சொல்லாக விடாதீர்கள். நகை எத்தனை சவரன், எந்தத் தேதியில் யார் கையில். சீர் பாத்திரம், வண்டி யாருக்கு. கூட்டாக வாங்கிய வீட்டுக் கடனை யார் கட்டுவது. பிள்ளையை எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பார்ப்பது என்று எழுதுங்கள். மொத்தத் தொகை பேசியிருந்தால் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இரண்டாம் கையெழுத்து அன்று நீதிபதி முன்னிலையில் வரைவோலையாகவும் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு. மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமை வழக்குப் பதிவாகியிருந்தால் சமரசம் ஆனதும் அது தானாக முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும், அதற்கு மனைவி ஒத்துழைப்பார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் ஜீவனாம்ச உரிமையை மட்டும் தாயோ தந்தையோ எழுதிக்கொடுத்துவிட முடியாது.

சம்மதம் இல்லையென்றால் 13ஆம் பிரிவில் காரணம் காட்டி நிரூபிக்க வேண்டும்: கொடுமை, இரண்டாண்டு கைவிடல், பிறன்மனை உறவு போன்றவை. "இனிச் சேர்ந்து வாழ முடியாது" என்பது மட்டும் அந்தப் பிரிவில் காரணமாக இல்லை. மீள முடியாமல் முறிந்த மணத்தைக் கலைக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின் வழியாக உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு.

வக்கீலைத் தேர்ந்தெடுப்பது

சொந்தக்காரர் சொன்னார் என்பதற்காக மட்டும் வக்காலத்தில் கையெழுத்திடாதீர்கள். தமிழ்நாடு புதுச்சேரி வழக்கறிஞர் குழுமத்தில் அவர் பதிவு எண்ணைக் கேளுங்கள். உங்கள் வழக்கு நடக்கப்போகும் அதே நீதிமன்றத்தில் சம்மத வழக்கு எத்தனை, சாட்சி விசாரித்து முடித்த வழக்கு எத்தனை நடத்தியிருக்கிறார் என்று பிரித்துக் கேளுங்கள். சம்மத வழக்கு மட்டுமே பார்த்தவர் குறுக்கு விசாரணையில் திணறுவார். அன்றைக்கு நிற்கப்போவது அவரா, ஜூனியரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசி எழுதி வாங்குங்கள்: மனுத் தாக்கல், இடைக்கால மனுக்கள், சாட்சி விசாரணை, வாதம். நகல் செலவும் குமாஸ்தா செலவும் இதில் சேர்ந்தவையா என்பதும் அதில் இருக்கட்டும். "ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் எனக்கு" என்று எந்த வக்கீலும் கேட்கக் கூடாது. வழக்கறிஞர் குழும விதி அதைத் தடுக்கிறது. அப்படிக் கேட்பவரையும், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவரையும், நடக்காததை நடந்ததாகப் புகார் எழுதச் சொல்பவரையும் விட்டு விலகுங்கள். பொய்ப் புகார் பின்னால் உங்கள் மீதே கொடுமைக் காரணமாகத் திரும்பும். அசல் ஆவணங்களை நீங்களே வைத்துக்கொண்டு நகல் மட்டும் கொடுங்கள். பிடிக்காவிட்டால் வக்கீலை மாற்றலாம். பாக்கிக் கட்டணத்துக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் புதுச்சேரியில் அங்குள்ள சட்டப்பணிகள் ஆணையத்திலும் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் முதலில் மகளிர் உதவி எண் 181. விவாகரத்து மனுவுக்குக் காத்திருக்காமல் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் வீட்டில் தங்கும் உரிமையும் கேட்கலாம்.

மனு உள்ளே போனபின்

திருமணப் பதிவுச் சான்று, இல்லையென்றால் அழைப்பிதழும் திருமணப் படமும், கோயில் ரசீது, இருவர் முகவரிச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகியவை தேவைப்படும். மனு தாக்கல் ஆனது வேறு, நீதிமன்றம் அதை ஏற்று வழக்கு எண் கொடுத்து நம்பர் ஆனது வேறு. முகவரிப் பிழை, விடுபட்ட ஆவணம், பிரிந்த தேதி முன்னுக்குப்பின் முரண் என்று நீதிமன்றம் மனுவைத் திருப்பித் தரும். அதைச் சரிசெய்து மீண்டும் கொடுக்காமல் வக்கீல் அலுவலகத்திலேயே மாதக்கணக்கில் கிடப்பதுண்டு, கட்சிக்காரரோ வழக்கு நடக்கிறது என்று நம்பியிருப்பார். நம்பர் ஆனதும் வழக்கின் தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம்.

பிறகு சம்மன், ஆஜர், ஆலோசகரிடமோ சமரச மையத்திலோ பேச்சு, எதிருரை, சாட்சி, வாதம், தீர்ப்பு. சம்மன் வந்தும் போகாமல் இருப்பது பெரிய தவறு. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால் அதை நீக்கக் கேட்க 30 நாள்தான்.

செலவுக்குப் பணமில்லாதவர் இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம், கணவரும் கேட்கலாம். இருதரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான். எதிர்த்தரப்பின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வாடகை வருமானம் என்று தெரிந்ததையெல்லாம் குறித்துவையுங்கள். வாட்ஸப் உரையாடலைப் படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. அந்தக் கைபேசியை அழிக்காமல் வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று இல்லாமல் அச்சுத் தாள் சாட்சியமாக நிற்பது கடினம்.

தீர்ப்பானதும் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்குங்கள். வழக்காடி வாங்கிய தீர்ப்பென்றால் மேல்முறையீட்டுக்கு இந்து திருமணச் சட்டம் தரும் 90 நாள் முடியும்வரை மறுமணத்துக்கு நாள் குறிக்க வேண்டாம். அதற்குள் குடும்ப அட்டை, வங்கி, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றில் பெயரையும் வாரிசுதாரரையும் மாற்றிவிடுங்கள்.