பழைய கித்தாருக்கு மெட்டாலிக் நீலம்: வீட்டுப் போர்ச்சிலேயே சாயம் அடிப்பது எப்படி?

போன வருஷம் அத்தை மகன் தன்னுடைய பழைய எலெக்ட்ரிக் கித்தாரை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் வரும் ஸ்ட்ராட் வகை. கல்யாண விருந்துகளில் வாசித்து வாசித்து, பெல்ட் பக்கிள் உரசிய இடத்தில் கறுப்புச் சாயம் போய் முதுகெல்லாம் சொறி பிடித்த மாதிரி இருந்தது. "தூக்கிப் போட மனசு வரல மச்சான், நீயே வச்சுக்க" என்றான். அதை மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் வைத்து மெட்டாலிக் நீலமாக மாற்றினேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. முதல் முறை கெடுத்துவிட்டேன். கீழே இருப்பது இரண்டாம் முறை செய்த விதம். முதல் முறை செய்த கூத்தும் இடையிடையே வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சாயத்தில் தப்பு வந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். மெட்டாலிக்கில் அந்த வழி கிடையாது. அதற்குள் அலுமினியத் துகள்கள் சின்னச் சின்ன செதில் மாதிரி மிதக்கின்றன. அவை எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் வெளிச்சம் திரும்பும். காய்ந்த பிறகு உப்புத்தாளை வைத்தால் செதில்கள் அறுபட்டு அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். அதனால் வேலை முழுக்க நிறத்துக்கு முன்னால் இருக்கிறது, அல்லது நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சான கிளியரில் இருக்கிறது. நிறம் அடிப்பது ஒரு மணி நேர வேலைதான்.

கார் சாயத்தைக் கித்தாருக்கு அடிப்பதா என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் கித்தார்களுக்கு வந்த உலோக நிறங்கள் அமெரிக்கக் கார்களுக்கு அடித்த டூபாண்ட் கம்பெனிச் சாயங்கள்தான். லேக் பிளாசிட் நீலம் காடிலாக் காரின் நிறம்.

வாங்க வேண்டியவை

சாயம் எல்லாம் ஸ்ப்ரே டின்தான். அடிப்பூச்சுக்குப் பிரைமர் ஒரு டின், மெட்டாலிக் நிறம் இரண்டு டின், கிளியர் மூன்று டின். மூன்றும் ஒரே பிராண்டாக இருக்கட்டும். ஒரு கம்பெனி சாயத்தின் மேல் வேறு வகைக் கிளியர் அடித்தால் சில சமயம் வெந்த பால் ஆடை மாதிரி சுருங்கும். பைலாக்ஸ், சாமுராய் இரண்டும் இங்கே ஹார்ட்வேர் கடைகளிலும் மோட்டார் உபரிப்பாகக் கடைகளிலும் கிடைக்கும். உப்புத்தாள் 320, 400, 600, 1000, 1500, 2000. கடையில் மலாயில் கெர்தாஸ் பாசிர் என்று கேளுங்கள், 600லிருந்து மேலே தண்ணீரில் தேய்க்கும் கறுப்புத்தாளாக எடுங்கள். மாஸ்கிங் டேப், கார் புட்டி ஒரு சின்ன டின், வைட் ஸ்பிரிட், பாலிஷ் காம்பவுண்ட்.

முகக்கவசத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கோவிட் காலத்தில் மிஞ்சிய காகித மாஸ்க் தூசிக்கு ஆகும், சாய ஆவிக்கு ஆகாது. இரண்டு பக்கமும் கரி வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க் வாங்குங்கள். கடைக்காரர் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் 2கே கிளியரை நீட்டுவார், கண்ணாடி மாதிரி வரும் என்பார். அது உண்மைதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாத சாமான். வீட்டில் பிள்ளைகள் ஓடும் போர்ச்சில் அதைத் திறக்காதீர்கள். ஹார்டனர் இல்லாத சாதாரண 1கே போதும், காயத்தான் நாளாகும்.

கழற்றுவது

கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு, பின்பக்கம் இருக்கும் நான்கு ஸ்குருவைத் திருகினால் கழுத்து தனியாக வந்துவிடும். பிறகு முன்பக்க பிளாஸ்டிக் தகடான பிக்கார்ட், கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ், வயர் செருகும் ஜாக், வார் மாட்டும் பொத்தான்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுங்கள். ஸ்குருக்களை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு, எது எங்கே என்று பேனாவால் எழுதிவிடுங்கள். பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இரும்புத் தகட்டில் ஒரு வயர் பற்றவைத்திருக்கும். அதுதான் எர்த். அதை இழுத்து அறுக்காமல், சால்டரிங் அயர்னால் எடுத்து நுனியில் டேப் சுற்றி வையுங்கள்.

கழுத்து உட்காரும் குழிக்குள் சாயம் போகக் கூடாது. உள்ளே சாயம் படிந்தால் கழுத்து இறுகி உட்காராது, அல்லது விளிம்பில் சாயம் வெடிக்கும். கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்அப்புகள் இருந்த குழிகளையும் டேப் ஒட்டி மூடுங்கள். பிறகு ஒரு முழ நீளப் பலகைத் துண்டை அந்தக் கழுத்துக் குழியில் பழைய ஸ்குரு ஓட்டைகள் வழியாகவே முடுக்கிவிடுங்கள். பிடிக்கக் கைப்பிடி, தொங்கவிடக் கொக்கி, இரண்டுக்கும் அதுவே ஆகும்.

பழைய சாயத்தை என்ன செய்வது?

எல்லாரும் மரம் தெரியும்வரை உரிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையில்லை. இப்போது கடைகளில் விற்கும் பெரும்பாலான கித்தார்களுக்கு மேலே இருப்பது பாலி வகை (பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்), கல் மாதிரி. பிக்கார்டுக்குக் கீழே மறைவான இடத்தில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு ஒரு நிமிஷம் வையுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் பழைய லாக்கர். அதன் மேல் ஸ்ப்ரே டின் சாயம் முரண்டு பண்ணலாம், அந்தக் கித்தாரை ஆரம்பக்காரர்கள் விட்டுவிடுவது நல்லது. ஒன்றும் ஆகவில்லையென்றால் பாலி, அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

320 தாளை ஒரு சின்ன மரத்துண்டில் சுற்றி, பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பதிந்த இடம் பள்ளமாகும். உதிர்ந்த இடங்களில் பழைய சாயத்தின் விளிம்பு படிக்கட்டு மாதிரி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அந்தப் படி தெரியாத அளவுக்குச் சரிவாக இழைக்க வேண்டும். பள்ளங்களுக்குப் புட்டி, காய்ந்ததும் மறுபடி 320, பிறகு 400.

இங்கேதான் அவசரப்பட்டேன். பக்கிள் கீறலில் நகம் மாட்டும் அளவு ஒரு கோடு இருந்தது, பிரைமர் மூடிவிடும் என்று விட்டேன். பிரைமரும் மூடவில்லை, நிறமும் மூடவில்லை. மெட்டாலிக் வந்ததும் அந்தக் கோடு ஒளியை வாங்கிக்கொண்டு பளிச்சென்று நின்றது. வெறும் கறுப்பில் தெரியாத குறைகூட இதில் தெரியும்.

எண்ணெய்

சாயம் விழுந்த இடத்தில் சின்ன வட்டமாக விலகி, நடுவில் மீன் கண் மாதிரி குழி விழுந்தால் கீழே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். நம் வீடுகளில் இது லேசான விஷயம் இல்லை. தேங்காய் எண்ணெய் வைத்த தலையைக் கோதிவிட்டு அதே கையால் கித்தார் கட்டையைத் தூக்குவோம். எனக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முந்தின வாரம், அம்மா போர்ச்சை ஒட்டிய அடுப்பில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புகை போதும். பிரைமருக்கு முன்னும் நிறத்துக்கு முன்னும் சுத்தமான துணியில் வைட் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், ஈரம் காயும் முன் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

எந்த நாளில் அடிப்பது?

பினாங்கில் இந்தக் கேள்வி சாயத்தின் விலையைவிட முக்கியம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், சாயத்தின் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் நீர் அதன் மேல் படியும். கிளியர் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இங்கே மழை விடாது, அப்போது தொடவே தொடாதீர்கள். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள்தான் எனக்கு உகந்தவை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி ஏறும் அந்த வெயில் சாயத்துக்கு நல்லது. அந்த நாட்களிலும் காலையில் பசியாறிவிட்டுப் பத்து மணிக்குத் தொடங்கி, ஒரு மணிக்குள் முடித்துவிடுவேன். கட்டை நேர் வெயிலில் நிற்கக் கூடாது, நிழலில் இருக்க வேண்டும். சூடான கட்டையில் சாயம் பரவும் முன்னே காய்ந்து மணல் மாதிரி ஆகிவிடும். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது.

சாயங்காலம் வேண்டாம். ஒரு நாள் மழை விட்டு ஆறு மணிக்கு, காற்று ஓய்ந்திருக்கிறதே என்று கிளியர் அடித்தேன். போர்ச் விளக்கைப் போட்டதும் ஈசல் கூட்டம். கித்தாரின் வயிற்றில் பதினொரு ஈசல், இறக்கையோடு, வார்னிஷ் போட்ட அருங்காட்சியகம் மாதிரி. பிடுங்கினால் சாயம் கிழியும் என்பதால் அப்படியே காயவிட்டு மறுநாள் 600 தாளில் தேய்த்து எடுத்தேன். கிளியர் தடிமனாக இருந்ததால் நிறம் தப்பியது.

அடிப்பது

பிரைமர் சாம்பல் நிறமாக இருக்கட்டும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளி. ஒரு நாள் விட்டு 600 தாளில் தண்ணீர் தொட்டு வழவழப்பாக்குங்கள். ஸ்குரு ஓட்டைகளில் பல்குத்தும் குச்சியைச் செருகி அடையுங்கள், தண்ணீர் இறங்கினால் மரம் உப்பிச் சாயம் வெடிக்கும். விளிம்புகளில் தாளை அழுத்தாதீர்கள், அங்கேதான் சாயம் முதலில் தேய்ந்து போகும்.

நிற டின்னை உள்ளே குண்டு சத்தம் கேட்டதிலிருந்து இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். செதில்கள் அடியில் படிந்துவிடும், அதனால் நடுநடுவேயும் குலுக்க வேண்டும். டின்னுக்கும் கட்டைக்கும் ஒரு சாண் இடைவெளி. கட்டைக்கு வெளியே பொத்தானை அழுத்தி, கட்டையைக் கடந்து, வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தின வரியைப் பாதி மூடட்டும். முதலில் பக்கவாட்டு விளிம்புகள், பிறகு முகம். ஒரு பூச்சு நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில். முதல் பூச்சில் கீழே சாம்பல் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், மூன்றாவதில் மூடிவிடும்.

முதல் முறை நான் இந்த மூன்றாவதோடு நிறுத்தினேன். அதுவும் ஈரமாக, தாராளமாக. காய்ந்ததும் பார்த்தால் புலி வரி. ஒரு பட்டை வெளிறி, ஒரு பட்டை இருண்டு. ஈரம் அதிகமான இடத்தில் செதில்கள் மிதந்து ஒதுங்கிவிடுகின்றன. 1000 தாளில் லேசாகத் தேய்த்துப் பார்த்தேன், இன்னும் மோசமாயிற்று. எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் மோட்டாருக்குச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் சீன அங்கிளிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "ஜாங்ஙான் கோசோக், நந்தி ரோசாக்." தேய்க்காதே, கெட்டுவிடும். பிறகு காலி டின் ஒன்றை எடுத்து, கையைப் பின்னால் இழுத்து, வெறும் காற்றில் எனக்கு ஒரு பாடம் நடத்தினார்.

அந்தப் பாடம் இதுதான். மூன்றாவது பூச்சு இன்னும் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போது, டின்னை ஒன்றரைச் சாணுக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள். கையை வேகமாக ஓட்டி, சாயத்தைப் பனி மாதிரி கட்டையின் மேல் உதிரவிடுங்கள். நனைக்கக் கூடாது. துகள்கள் தானாக விழுந்து ஒரே சீராகப் படுக்கும், பட்டைகள் கண்ணெதிரே கரைந்து போகும். பார்க்க மங்கலாக, தூள் பூசினாற்போல இருக்கும். பயப்படாதீர்கள், கிளியர் விழுந்ததும் ஆழம் வந்துவிடும். கிளியர் எவ்வளவு நேரம் கழித்து அடிக்கலாம் என்பது டின்னில் அச்சிட்டிருக்கும். சில சாயங்கள் ஒரு மணி நேரத்துக்குள் அல்லது ஒரு நாள் கழித்து என்று சொல்லும். நடுவில் அடித்தால் சுருங்கும். அதைப் படியுங்கள்.

கிளியர் ஒரு நாளைக்கு மூன்று மெல்லிய பூச்சு, மூன்று நாள். முதல் பூச்சு மட்டும் மிக மெல்லிசாக இருக்கட்டும். ஈரமாக அடித்தால் செதில்கள் மறுபடி நகரும்.

காயவிடுவதும் பளபளப்பும்

மூன்று நான்கு வாரம் தொங்கவிடுங்கள். அம்மா சாமி அறையில் கொக்கி இருக்கிறது என்றார், ஊதுபத்திச் சாம்பல் வேண்டாமே என்று அலமாரிக்குள் மாட்டினேன். மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், சாய வாடை அடித்தால் இன்னும் காயவில்லை.

பிறகு 1000, 1500, 2000 என்று தண்ணீரில், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து. தேய்க்கும்போது வழியும் நீர் வெள்ளையாக இருந்தால் கிளியர் மட்டும் தேய்கிறது, நல்லது. நீலமாக வழிந்தால் கையை எடுங்கள், நிறத்தைத் தொட்டுவிட்டீர்கள். கடைசியில் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் முகம் தெரியும்.

திரும்ப மாட்டும்போது ஸ்குரு மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் இறுக்கம் தராது, சாயமும் வெடிக்காது. எர்த் வயரை மறக்காமல் பற்றவையுங்கள், மறந்தால் ஆம்ப்ளிஃபையரில் ஊஊ என்று இரையும். கித்தார் ஸ்டாண்டின் ரப்பர் இந்த வகைக் கிளியரை மெதுவாகத் தின்று கறுப்புத் தழும்பு வைத்துவிடும். என் ஸ்டாண்டின் இரண்டு கைகளிலும் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்திருக்கிறேன்.