இங்கிலாந்து கிராமப் பாதைகளில் கிராவல் பைக்: முதலில் அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள்

வயல் நடுவே போகும் எல்லாப் பாதையிலும் கிராவல் பைக் (மண், சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்ட உரிமை உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். வழிகாட்டிக் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரிடில்வே, அதாவது குதிரையில் போகவும் உரிமை உள்ள பாதை, 1968 சட்டத்திலிருந்து சைக்கிளுக்கும் அனுமதி உண்டு, ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழிவிட்டே ஆக வேண்டும். ஊதா, சிவப்பு அம்புகள் இருக்கும் பைவே என்ற வண்டிப் பாதைகளிலும் தாராளமாகப் போகலாம்.

வழி போட்டுத் தரும் ஆப்பை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் ஒருமுறை சரிபாருங்கள்: பச்சையில் குட்டிக் கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் பிரிடில்வே.

எங்கே தொடங்கலாம் என்றால், தென் இங்கிலாந்தில் உள்ள ரிட்ஜ்வே என்ற நெடும்பாதையின் மேற்குப் பாதியைத்தான் நான் சொல்வேன். ஏவ்பரி பக்கத்தில் ஓவர்டன் ஹில்லிலிருந்து ஸ்ட்ரீட்லி வரை, கிட்டத்தட்ட 70 கி.மீ., சைக்கிளுக்குத் தடை இல்லாத பாதை, மேட்டின் மேலேயே போவதால் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும், அவ்வளவு அழகு! ஸ்ட்ரீட்லியில் தேம்ஸ் ஆற்றைத் தாண்டிவிட்டால் நடைபாதைத் துண்டுகள் குறுக்கிடும், அங்கே சுற்றிப் போக வேண்டும். சில நாட்கள் நேரம் இருந்தால் வின்செஸ்டரில் தொடங்கி அங்கேயே முடியும் 350 கி.மீ. சுற்றுப்பாதையான கிங் ஆல்ஃபிரட்ஸ் வே இருக்கிறது.

அப்புறம் டயர். இந்தப் பக்கம் சுண்ணாம்பு மண், மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்கும், கூர்மையான ஃபிளின்ட் கற்கள் வேறு. குறைந்தது 40 மி.மீ. அகலத்தில் டியூப்லெஸ் போடுங்கள், காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். குதிரை எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்துத் தூரத்திலேயே குரல் கொடுங்கள், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள்.