எபாக்சிக்கு நிறம் கலப்பது எப்படி?

எபாக்சி என்பது ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து பயன்படுத்தும் பிசின். தேக்குப் பலகையில் கணு உதிர்ந்த ஓட்டையை நிறமில்லாத எபாக்சியால் அடைத்தால் உள்ளிருக்கும் தூசியும் காற்றுக்குமிழியும் அப்படியே தெரியும். சிறிது கறுப்பு கலந்து அடைத்தால் மரத்தில் இயல்பாக இருந்த கணு போலவே தோன்றும்.

முதலில் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். உலர்ந்த பிக்மென்ட் (நிறமி) பொடியோ, எபாக்சிக்கென்றே விற்கும் நிறப் பசையோ போதும். தண்ணீர் கலந்த சுவர் பெயிண்ட் கூடவே கூடாது. ஈரம் பட்டால் எபாக்சி சரியாக இறுகாது.

அடுத்ததுதான் முக்கியம்: நிறத்தை ரெசினில் மட்டும் கலக்க வேண்டும். ஹார்ட்னர் சேர்ந்த நொடியிலிருந்து கலவை இறுகத் தொடங்கும். அதன் பிறகு கட்டிகளை உடைக்க நேரம் இருக்காது. முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டு, 100 கிராம் ரெசினுக்கு 3 கிராம் பொடியை எடுங்கள். பொடியை இரண்டு தேக்கரண்டி ரெசினில் போட்டு, கண்ணாடித் துண்டின்மேல் தட்டையான கத்தியால் தேய்த்து மைபோல ஆக்குங்கள். கத்தியை இழுத்த தடத்தில் ஒரு மணிகூடத் தென்படக் கூடாது. பிறகு மீதி ரெசினில் கரையுங்கள்.

வேலை முழுவதற்கும் வேண்டிய ரெசினுக்கு ஒரே டப்பாவில் நிறம் கலந்துவிடுங்கள். நான் ஒருமுறை இரண்டு கிண்ணங்களில் தனித்தனியே கலந்தேன். ஒரே பலகையில் இரண்டு நீலம் வந்தது. முழுவதையும் செதுக்கி எடுக்க நேர்ந்தது.

ஊற்றும் முன் ஓட்டையின் உட்புறத்தில் நிறமில்லாத எபாக்சியை ஒரு பூச்சு பூசி இறுகவிடுங்கள். இல்லாவிட்டால் நிறம் மர இழைக்குள் ஊறி ஓரம் கறைபடும். பிறகு வேண்டிய அளவு ரெசினை எடுத்து, தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் ஹார்ட்னர் சேருங்கள். அந்தக் கணக்கில் நிறத்தின் எடையைச் சேர்க்காதீர்கள். மொத்தக் கலவையில் நிறம் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் வலிமை குறையும்.

பிளைவுட் படகு கட்டுபவர்கள் அடிப்புறப் பூச்சில் கிராஃபைட் பொடி கலப்பதுண்டு. கறுப்பாகி, வழவழப்பும் கிடைக்கும். வெயில் படும் மேல்தளத்துக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம். அது சூட்டை வாங்கும், எபாக்சியோ சூட்டில் இளகும். நிறம் கலந்தாலும் வெயில் எபாக்சியைச் சிதைக்கும் என்பதால், மேலே பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும்.

ஹார்ட்னர் சேராத நிற ரெசின் மிஞ்சினால் இறுக மூடி வையுங்கள். பின்னால் கீறல் விழுந்தால் அதே நிறம் கையில் இருக்கும். பொடி அடியில் தங்கியிருக்கும். எடுக்கும்போது அடிவரை கிளறுங்கள்.