கழிப்பறை இருக்கா என்று மட்டும் கேட்காதீர்கள்

குடற்புழு நீக்க வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பெண்களோடு போன வாரம் வடசென்னையில் வீடு வீடாகப் போனேன். 15 வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். கை கழுவுவது, நகம் வெட்டுவது எல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

கழிப்பறைக்கு ஒரு டிக்

"கழிப்பறை இருக்கா?" "இருக்கு." டிக் போட்டு அடுத்த வீடு. இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பெரியவர்கள் கழிப்பறைக்குப் போவார்கள். இரண்டு வயதுக் குழந்தை வாசலில் பேப்பரில் போகும். அதைச் சுருட்டிச் சாக்கடையில் போடுவார்கள். "கொழந்த ஆய்தானே, அதுல என்ன இருக்கு?" என்பார்கள். ஒரு பெண் உருளைப்புழு ஒரே நாளில் 2 லட்சம் முட்டை வரை இடும். மலத்தோடு மண்ணில் விழும் முட்டை சில வாரங்களில் தொற்றும் பக்குவத்துக்கு வரும். ஈரமண்ணில் வருடக்கணக்கில்கூடக் கிடக்கும்.

அப்படித்தான் ஒரு தெரு முழுக்க டிக் போட்டு மாத்திரை கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அங்கே நாலு வயதுப் பையன் ஒருவனுக்கு வாந்தியில் புழு வந்தது. அவன் அம்மா அழுதுகொண்டே வந்தார். நாங்கள் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும், அடுத்த தொற்றைத் தடுக்காது. அது தெரிந்தும் முட்டை எங்கிருந்து வருகிறது என்று நான் தேடவில்லை. தங்கையைக் கழுவிவிடும் தண்ணீர், அவன் கோலி ஆடும் மண்ணில்தான் போய்த் தேங்கியது.

"பாப்பா எங்க ஆய் போகுது? அத எங்க கொட்டுறீங்க?" என்று கேளுங்கள். பாட்டியிடம் கேளுங்கள், பகலில் பார்த்துக்கொள்வது அவர்தான். அப்புறம் கழிப்பறைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மழைநீர்க் கால்வாயில் விட்டிருக்கும் வீடுகளும் உண்டு.

டயாப்பர்

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்ட பிறகுதான் குப்பைத்தொட்டி.

அழும் குழந்தைக்கு மாத்திரை

திணிக்கவே கூடாது, மூச்சு அடைத்துவிடும். சின்னக் குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலக்குங்கள். 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை, 200 மி.கி.

எல்லாவற்றுக்கும் பூச்சி மாத்திரை

வாரக்கணக்கில் நாற்றத்தோடு பேதி போனால் ஜியார்டியாவாக இருக்கலாம். அது புழு இல்லை, குடலில் வாழும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ஒரே ஒரு தடவை கொடுக்கும் பூச்சி மாத்திரைக்குப் போகாது. மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒருமுறை மலப் பரிசோதனையில் தெரியாமலும் போகும், அதனால் மூன்று தனித்தனி நாட்களில் மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள்.