பிள்ளையைத் துபாஷி ஆக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் தெருவுக்கு ஒரு நர்ஸாவது வெளிநாட்டில் இருப்பார். மனைவி நர்ஸ் விசாவில் இங்கிலாந்து போக, பிள்ளைகளோடு கணவர் பின்னால் போய்ச் சேருகிற குடும்பங்களில் அதிகம் தடுமாறுகிறவர் அந்தக் கணவர்தான். என் அத்தான் கருங்கலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். கடனுக்குக் கம்பி கேட்டு வருகிறவனைப் பேச்சிலேயே மடக்கித் திருப்பி அனுப்புவார். அங்கே போனபிறகு காலிங் பெல் அடித்தாலே மகளைக் கூப்பிடுகிறார்.

நான் பார்த்ததில் பெரிய தவறு இதுதான். பள்ளியிலிருந்து போன் வந்தாலும் வீட்டு ஏஜென்ட் கூப்பிட்டாலும், "மக்கா, என்னத்த சொல்லுகாவன்னு கேளு" என்று பத்து வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆக்குவது. ஒரு மாதம் வாடகை பாக்கி; அந்தப் பேச்சும் அவள் வாய்வழியாகத்தான் நடந்தது. பாக்கியைக் கட்டியதும் அத்தான் மறந்துபோனார். அவள் மறக்கவில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்த தாளை நாலாய் மடித்துப் பென்சில் டப்பாவின் அடியில் வைத்திருந்தாள். வகுப்பே போய்வந்த பிறகுதான் அக்கா அதைக் கண்டெடுத்தாள். "நம்மகிட்ட பைசா இல்லல்லாம்மா" என்றாளாம்.

ஆஸ்பத்திரியில் இது இன்னும் மோசம். அப்பாவின் மூலத்தை மகள் எப்படி டாக்டரிடம் சொல்வாள்? அங்கத்திய அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது. கேட்பதில் என்ன வெட்கம்? 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு சேரும்வரை, மலையாளத்தில் வந்த சர்க்கார் கடுதாசியை வாசித்துக்காட்ட ஆள் தேடி நடந்தவர்தானே எங்கள் தாத்தாவும்.

அடுத்தது லீவு. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும். இங்கிலாந்தில் அப்போது பள்ளி நடக்கிற நேரம். "ஒரு வாரம்தானே" என்று ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அங்கே அனுமதியில்லாமல் ஐந்து நாள் போகாவிட்டாலே அபராதம் வரலாம். 2024 ஆகஸ்ட் முதல் அது பிள்ளைக்கு 80 பவுண்டு, தாய்க்குத் தனி, தகப்பனுக்குத் தனி. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். திரும்பிப்போன பிள்ளை தேர் பார்த்த கதையை முதலில் டீச்சரிடம்தான் சொல்லும்.

அடிக்கிற பழக்கத்தை விமானம் ஏறும் முன்னே விட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்தில் 2020 முதலும் வேல்ஸில் 2022 முதலும் பெற்றோர் அடித்தாலும் குற்றம். இங்கிலாந்துச் சட்டம் அவ்வளவு கண்டிப்பில்லை என்றாலும், உடம்பில் தடம் தெரிந்தால் பள்ளி சும்மா இருக்காது.

வீட்டிலும் இங்கிலீஷ் பேசினால் பிள்ளை தேறும் என்று தமிழை நிறுத்துகிறவர்களும் உண்டு. இங்கிலீஷைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். அத்தானுக்குத் தெரிந்த இங்கிலீஷில் பிள்ளையிடம் கோபப்படக்கூட முடியாது.

இப்போது அவர் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறார். போன மாதம் மகளுக்குப் பழைய சைக்கிள் வாங்கப் போனவர், அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தானே பேசிப் பத்து பவுண்டு குறைத்துவிட்டாராம்.