இத்தாலி கிராமங்களில் சாப்பாடு, ஒயின் டூர்: பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

டூர் கம்பெனி பயணத் திட்டம் அனுப்பியதும் ஹோட்டல் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒன்றை மட்டும் தேடுங்கள்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் செய்யும் இடத்துக்கு எத்தனை மணிக்குக் கூட்டிப்போகிறார்கள்? மதியம் 3 மணி என்று போட்டிருந்தால் அந்த டூரில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. பால் வருவது காலையில், உறைவது காலையில், மதியத்துக்குள் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்களுக்குக் காட்ட மிச்சமிருப்பது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வெற்று அறையும், ஒரு வீடியோவும், கடையும்தான்.

எந்த டூரையும் எடைபோட இந்த ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி. பொருள் செய்யப்படும் நேரத்தில், செய்யும் இடத்தில், செய்கிறவர் பக்கத்தில் உங்களை நிறுத்துகிறார்களா? நிறுத்தினால் அது படிப்பு, இல்லையென்றால் சாப்பாட்டு இடைவேளைகளோடு ஒரு பஸ் பயணம். பஸ் பயணமும் தப்பில்லை, ஆனால் அதற்கு இவ்வளவு யூரோ கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு பகுதி போதும்

ஒரே வாரத்தில் பியட்மாண்ட், எமிலியா, டஸ்கனி என்று மூன்றையும் சுற்றிக்காட்டுகிறோம் என்பார்கள். பாதி நேரம் நெடுஞ்சாலையில் போய்விடும், வேண்டாம். எதைக் கற்றுக்கொள்ள ஆசை என்பதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சாப்பாடுதான் முக்கியம், ஒயின் இரண்டாம்பட்சம் என்றால் யோசிக்காமல் எமிலியா-ரோமாஞா. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோடெனா, பொலோஞா நான்கும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. காலையில் சீஸ், முற்பகலில் பன்றித்தொடை ஹாம், சாப்பிட்டுவிட்டு மதியம் பால்சாமிக் வினிகர் என்று ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிட முடிகிற இடம் இது. ஒயின்தான் முக்கியம் என்றால் டஸ்கனியும் பியட்மாண்டும். டஸ்கனி கண்ணுக்கு அழகு, கூட்டமும் அதிகம். பியட்மாண்டின் லாங்கே மலைப்பகுதியில் கூட்டம் கொஞ்சம் குறைவு, ஒயின்தான் சிரமமானது; அங்கத்திய பரோலோ ஒயினை முதல்முறை குடிப்பவர்களில் பலர் முகம் சுளிப்பார்கள், நாக்கில் அவ்வளவு துவர்ப்பு. அந்த மலைத் தோட்டங்களை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உள்ளூர்ச் சாப்பாட்டு மரபைக் காக்கப் பாடுபடும் ஸ்லோ ஃபுட் இயக்கம் பிறந்த பிரா ஊரும், அந்த இயக்கத்தின் முயற்சியில் 2004-ல் தொடங்கிய உணவியல் பல்கலைக்கழகம் இருக்கும் பொல்லென்ஸோவும் அங்கேதான், ஒன்றுக்கொன்று பக்கம். பொல்லென்ஸோவில் ஒயின் வங்கி என்றே ஒரு நிலவறை இருக்கிறது, இத்தாலி முழுக்க உள்ள ஒயின்களை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எந்த மாதம்

திராட்சை அறுவடை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர். பார்க்க நிறைய இருக்கும், நொதிக்கும் சாற்றின் வாசம் ஊரெல்லாம் அடிக்கும், ஆனால் ஒயின்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. நிதானமாகக் கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் மே, ஜூன்தான் வசதி. ஆலிவ் எண்ணெய் ஆட்டுவதைப் பார்க்க அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் பாதி இத்தாலி கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பண்ணை விடுதிகள் பல மூடியிருக்கும்.

மண்ணுக்கடியில் வளரும் வெள்ளை ட்ரஃபிள் காளான் என்று விளம்பரம் செய்தால் தேதியைப் பாருங்கள். பியட்மாண்டில் ஆல்பா ஊரின் புகழ்பெற்ற வெள்ளை ட்ரஃபிள் இலையுதிர் காலத்தில்தான் கிடைக்கும், ஜனவரியோடு சீசன் முடிந்துவிடும். மே மாதத்தில் யாராவது உங்களுக்கு அதைத் தோண்டிக் காட்டுகிறேன் என்றால் அவர் காட்டப்போவது கோடைக்காலக் கறுப்பு ட்ரஃபிள், விலையும் வாசமும் வேறு. இன்னொன்று, டூர்காரர்களுக்காக முன்கூட்டியே புதைத்து வைத்து நாயைவிட்டுத் தோண்டவைப்பதும் உண்டு. அதனால் வேட்டை முழுக்க நாடகம் என்று சொல்லவில்லை, நாய் வேலை செய்வதைப் பார்ப்பதே தனி சுகம், ஆனால் கிடைத்தே தீரும் என்று உத்தரவாதம் தருகிறவரை நம்பாதீர்கள்.

சீஸ் கூடத்தில் என்ன பார்ப்பது

காலை 8 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அங்கியும் காலுறையும் தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மணியைக் கவிழ்த்து வைத்ததுபோலச் செம்பு அண்டாக்கள் வரிசையாக இருக்கும். முந்தின நாள் மாலைக் கறவையை இரவு முழுக்க அப்படியே விட்டு, மேலே மிதக்கும் ஆடையை எடுத்துவிட்டு, அதோடு காலைக் கறவையை ஆடை எடுக்காமல் சேர்த்து ஊற்றுகிறார்கள். அப்புறம் நேற்றைய சீஸில் மிஞ்சிய புளித்த பால்நீர் கொஞ்சம் போகும். நம் வீட்டில் பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறோமே, அதே சங்கதி. பிறகு பாலை உறையவைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் என்ற நொதி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பால் கட்டியாகிவிடும்.

இதற்கடுத்த சில நிமிடங்களைத் தவறவிடாதீர்கள், போட்டோ எடுப்பதைக்கூட நிறுத்திவிடுங்கள். சீஸ்காரர் கம்பிகள் வளைந்த ஒரு பெரிய கடைகோலை உள்ளே விட்டுக் கட்டியை உடைக்கிறார், அரிசி அளவு குருணை ஆகும்வரை. நடுநடுவே கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். சூட்டை 55 டிகிரி வரை ஏற்றுவார்கள், எப்போது நிறுத்துவது என்பதைத் தெர்மாமீட்டரைவிட அந்தக் கைதான் முடிவு செய்கிறது. என்ன தேடுகிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள், வழிகாட்டி மொழிபெயர்க்கட்டும். குருணை அடியில் போய்ப் படிந்து ஒரே திரளாக ஒட்டிக்கொண்டதும் துணியில் ஏந்தித் தூக்கி இரண்டாக வெட்டுவார்கள், ஓர் அண்டாவுக்கு இரண்டு சீஸ் சக்கரம். ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் செலவாகிறது, முதிர்ந்தபின் எடை சுமார் 40 கிலோ.

அதன்பின் உப்புநீர்த் தொட்டியில் மூன்று வாரம்போல மிதந்துவிட்டு, கிடங்கில் குறைந்தது 12 மாதம். கிடங்குக்குள் சின்னச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிச் சத்தத்தை வைத்தே உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறதா என்று சொல்வார்கள். கடைசியில் ருசிபார்க்கும்போது 12, 24, 36 மாதச் சீஸ்களை அந்த வரிசையிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். முதலாவதில் பால் வாசம், கடைசியில் பல்லில் நெறுநெறுக்கும் படிகங்கள். அதை உப்பு என்று நினைப்பார்கள், உண்மையில் அது புரதம் உடைந்து வரும் அமினோ அமிலம்.

ஹாம் செய்யும் லாங்கிரானோ பக்கம் போனால், குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடையில் குத்தி எடுத்து மோந்து பார்க்கும் ஆளைப் பார்க்கக் கேளுங்கள், மற்றபடி தொங்கும் தொடைகளைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும். பால்சாமிக்கில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் மோடெனா பால்சாமிக் ஒயின் வினிகர் கலந்தது, 60 நாளே போதும். 'டிரடிஷனாலே' என்று போட்டது காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும், குறைந்தது 12 வருடம், 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்றால் 25 வருடம். வீட்டுப் பரணில், கோடை வெயிலும் குளிரும் மாறி மாறிப் படும்படி, பெரியதிலிருந்து சின்னது வரை பீப்பாய்களை வரிசையாக வைத்திருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை சின்னதிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு, குறைந்ததை அதற்கடுத்த பெரியதிலிருந்து நிரப்புவார்கள். ஸ்பூனில் ஒரு சொட்டு தருவார்கள், உலோக ஸ்பூன் வேண்டாம் என்று பிளாஸ்டிக்கிலோ பீங்கானிலோ தருவது வழக்கம்.

ஒயின் ருசிபார்ப்பது

ஒரு நாளைக்கு இரண்டு ஒயின் பண்ணைக்கு மேல் போட்டிருந்தால் மூன்றாவதில் உங்கள் நாக்கு எதையும் சொல்லாது. சின்னப் பண்ணைகள் முன்பதிவு இல்லாமல் திறக்கவே திறக்காது. அங்கே பேசப்போவது யார் என்று டூர்காரரிடம் கேட்டுவிடுங்கள், ஒயின் செய்கிறவரோ அவர் வீட்டாரோ என்றால் நல்ல அறிகுறி.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள், வயதான பரோலோ என்றால் செங்கல் நிறம் தெரியும். சுழற்றாமல் ஒருமுறை மோந்து பாருங்கள், சுழற்றியபின் ஒருமுறை. பிறகு ஒரு வாய், உடனே விழுங்காமல் ஈறு வரை போகவிட்டு, புளிப்பு எங்கே, துவர்ப்பு எங்கே, முழுங்கியபின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்புங்கள், தொழில்முறை ஆட்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். செர்ரி வாசம் வருகிறதா, தோல் வாசம் வருகிறதா என்று வழிகாட்டி கேட்கும்போது உங்களுக்கு வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லுங்கள், தலையாட்டுவதால் எதுவும் படிக்க முடியாது.

டஸ்கனியில் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த பாடம் ஒரே திராட்சையை இரண்டு இடத்தில் குடித்துப் பார்ப்பது. ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே இருக்கும் கியாந்தி கிளாசிக்கோவில் சாஞ்சொவேசே என்ற திராட்சை குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும் (வெறும் கியாந்தி என்பது வேறு, பெரிய பகுதி, அதில் சேவல் கிடையாது). தெற்கே மொந்தால்சினோவில் புருனெல்லோ ஒயின் முழுக்க முழுக்க அதே சாஞ்சொவேசே, ஆனால் அறுவடை முடிந்து ஐந்தாவது வருட ஜனவரிக்கு முன் விற்பனைக்கு வராது. மண்ணும் வெயிலும் காத்திருப்பும் ஒரு பழத்தை என்ன செய்கின்றன என்று இரண்டு கிளாஸில் புரியும். இதைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒயின் குடிக்காதவர் உங்கள் குழுவில் இருந்தால் அவருக்குக் கட்டணத்தைக் குறைப்பார்களா என்று முன்பே கேட்கலாம், பல பண்ணைகள் ஒத்துக்கொள்ளும். ஆலிவ் எண்ணெய் ருசிபார்ப்பு அவருக்கு நல்ல மாற்று. சின்னக் கிளாஸை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, காற்றையும் சேர்த்து உறிஞ்ச வேண்டும். தொண்டை கமறி இருமல் வந்தால் முகம் சுளிக்காதீர்கள், புது எண்ணெயின் நல்ல குணமே அதுதான்.

சைவர்கள் கவனத்துக்கு

"வெஜிடேரியன்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மேலே சொன்ன ரென்னட் காரணமாகப் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் ஆகாது, அது பாஸ்தா மேல் கேட்காமலே தூவப்படும். எமிலியாவின் உப்பிய பொரித்த ரொட்டி, ஞொக்கோ ஃப்ரித்தோ, வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது. பியட்மாண்டின் பாஞா காவ்தா என்ற சூடான சாஸில் நெத்திலி மீன். சூப் என்று வருவதில் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம். அதனால் எதெதெல்லாம் ஆகாது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். சாப்பிட நிறைய இருக்கிறது, தைரியமாகப் போகலாம்: டஸ்கனியில் கையால் உருட்டிய பீச்சி பாஸ்தா தக்காளி, பூண்டு சாஸோடு, பழைய ரொட்டியும் தக்காளியும் சேர்த்துச் செய்யும் பாப்பா அல் பொமொதோரோ, பார்மாவில் கீரையும் ரிகோத்தா என்ற மென்மையான சீஸும் அடைத்த தொர்தெல்லி பாஸ்தா (ரிகோத்தாவையும், வழக்கமாக அடைப்பிலும் மேலேயும் சேரும் பார்மிஜானோவையும் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்).

சமையல் வகுப்பு இருந்தால் மாவைத் தொட விடுகிறார்களா என்று பாருங்கள். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது எமிலியா கணக்கு, மாவை விரிப்பது நீளமான கட்டையால். இருபது பேர் சுற்றி நின்று ஒருவர் செய்வதை வேடிக்கை பார்ப்பது வகுப்பு இல்லை. குழு எட்டுப் பத்துப் பேரைத் தாண்டக்கூடாது என்பேன்.

மிச்சமுள்ள நடைமுறை

சொந்தமாகக் கார் எடுத்துப் போகலாம் என்று தோன்றும். ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவருக்குப் பூஜ்யம். அப்புறம் பழைய நகர மையங்களில் வாகனக் கட்டுப்பாட்டு எல்லை இருக்கும், தெரியாமல் நுழைந்தால் கேமரா பிடிக்கும், அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும், வாடகைக் கார் கம்பெனி அதற்கு ஒரு தனிக் கட்டணமும் போடும். ஒயின் நாட்களுக்கு மட்டுமாவது ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே மேல். கியாந்தி சாலைகள் வளைவு வளைவாகப் போகும், வயிறு புரட்டும் ஆள் என்றால் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கேட்பார்கள். அறுவடைக் காலத்துக்குப் போவதென்றால் கோடை ஆரம்பிக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். திரும்பும்போது சீஸ் வாங்கினால் காற்று நீக்கிய பாக்கெட்டில் போட்டுத் தரச் சொல்லுங்கள், பெரும்பாலான சீஸ் கூடங்களின் கடைகளில் அந்த எந்திரம் இருக்கும். ஒயின் பாட்டிலைத் துணிக்கு நடுவில் சுருட்டிப் பெட்டியில்தான் போட வேண்டும். எத்தனை பாட்டில் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்பதை உங்கள் நாட்டுச் சுங்க இணையதளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.